கச்சான் காலத்தில் முகில் மூடாத மலையுச்சி: திருகோணமலையிலிருந்து புறப்படுவோருக்கு முழுமையான வழிகாட்டி

மே மாதம் பிறந்ததும் திருகோணமலையில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். வெயில் ஏறுகிறது, கச்சான் என்ற வரண்ட தென்மேல் காற்று அடிக்கிறது, குளிரான இடத்துக்குப் போவோம் என்று நாலு பேர் சேர்வார்கள். ஒருவர் கைப்பேசியில் அழகான மலைப் படம் ஒன்றைக் காட்டுவார். உடனே வான் பிடித்துப் புறப்படுவார்கள். உச்சியில் வெள்ளை முகிலுக்குள் நின்று படம் எடுத்துவிட்டு, நனைந்த சப்பாத்தோடு திரும்பி வருவார்கள்.

குளிர்நாட்டவர்கள் கோடைத் தொடக்கத்தில் பனி உருகிவிட்ட உச்சி எது என்று தேடுவார்கள். நம் மலைகளில் அப்படி வெண்பனி விழுவதில்லை. நம் வழியை மறிப்பது முகில். அது எந்த மலையில் எந்த மாதம், எத்தனை மணிக்கு ஏறும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இந்த வழிகாட்டி மே நடுப்பகுதி முதல் ஜூலை முடிவு வரையான காலத்துக்கானது. முதல் தடவை ஏறுகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் திகதி, அடுத்து மலையின் பக்கம், பிறகு உச்சியில் நிற்க வேண்டிய நேரம், கடைசியாகத்தான் மலையின் பெயர். பெரும்பாலானவர்கள் பெயரிலிருந்து தொடங்குவதால்தான் மற்ற மூன்றும் கையைவிட்டுப் போகின்றன.

1. முதலில் திகதியைக் குறியுங்கள்

லீவு எப்போது கிடைக்கும் என்று பார்த்து, ஒன்றுக்கு இரண்டு வார இறுதிகளைக் குறித்து வையுங்கள். மழை வந்தால் இரண்டாவதற்குத் தள்ளலாம். ஒரே ஒரு திகதியை மட்டும் வைத்திருப்பவர், வானம் எப்படி இருந்தாலும் ஏறத்தான் பார்ப்பார். மலையில் நடக்கும் முட்டாள்தனங்களில் பாதி இந்தப் பிடிவாதத்திலிருந்துதான் வருகிறது.

ஏப்ரலும் மே முதற்பாதியும் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காலை வெளிச்சமாக இருக்கும், பின்னேரம் இடியும் மின்னலுமாக மழை கொட்டும். மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று நிலைகொண்டதும் கதை மாறுகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவு நனையத் தொடங்கும், கிழக்குச் சரிவு காயத் தொடங்கும். முடிந்தால் ஜூனைத் தெரிவு செய்யுங்கள்.

வெசாக், பொசன் போயா நாட்களைத் தவிருங்கள். நீண்ட விடுமுறையில் எல்லவிலும் நுவரெலியாவிலும் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை கசக்கும்.

ஜூலையில் கதிர்காமத் திருவிழாவுக்கு வான் பிடிக்கும் குடும்பங்கள் பல. திரும்பி வரும்போது வெல்லவாய, எல்ல வழியாக வந்தால் ஒரு சின்ன உச்சியைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் அந்தப் பயணத்தில் பெரிய மலை வேண்டாம். விரதமும் நித்திரைக் குறைவுமாக இருக்கும் உடம்புக்கு அது ஆகாது.

2. மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே இதில் கொஞ்சம் நிற்போம்.

தென்மேல் காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மத்திய மலைநாட்டின் மேற்குச் சுவரில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்களில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும் இடங்கள் இருப்பது இதனால்தான். ஈரத்தை இறக்கிவிட்ட காற்று மலைமுடியைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது சூடாகி, காய்ந்து போகிறது. அதே காற்றுத்தான் இன்னும் கீழே வந்து மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கச்சானாக நம் உதட்டை வெடிக்க வைக்கிறது.

ஆகவே உங்களுக்கு ஒரு இலவச வானிலைக் கருவி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இங்கே கச்சான் நன்றாக அடித்து, முற்றத்து மண் பறக்கிறதென்றால், பதுளை, பசறை, வெளிமடைப் பக்கத்து உச்சிகள் பெரும்பாலும் திறந்திருக்கும். அதே நாளில் சிவனொளிபாதமலை முகிலுக்குள் இருக்கும். இரண்டும் ஒரே காற்றின் இரண்டு பக்கங்கள்.

ஜூனில் சிவனொளிபாதமலைக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். 2,243 மீற்றர் உயரமான அந்த மலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் போயாவோடு முடிகிறது. அதன் பிறகு படிக்கட்டு விளக்குகள் இல்லை, தேநீர்க் கடைகள் இல்லை, காற்றும் மழையும் மட்டும் இருக்கும். பக்தியோடு போகிறவரை நான் தடுக்கவில்லை. காட்சிக்காகப் போகிறவர் ஜனவரிவரை பொறுத்திருக்கட்டும்.

நடுவில் இருக்கும் இடங்களில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஹோர்டன் சமவெளியும் அப்புத்தளையும் மலைமுகட்டின் விளிம்பிலேயே இருக்கின்றன. அங்கே மேற்கிலிருந்து முகில் வழிந்து வரும். வெளிமடைப் பக்கமிருந்து பார்த்தால் அந்த முகட்டின் மேல் முகில், பால் பொங்கி வழிவதுபோல் இறங்கி, பாதிச் சரிவில் காணாமல் போவது தெரியும். பார்க்க அழகான காட்சிதான், ஆனால் அதைக் கீழேயிருந்து பார்ப்பதே நல்லது. உள்ளே நிற்பவருக்குத் தன் கால்விரல் மட்டும்தான் தெரியும்.

நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் இதே பிரிவினை உண்டு. கண்டிப் பக்கம் ஈரம், இலுக்கும்புர, லக்கலப் பக்கம் வரட்சி.

செய்ய வேண்டியது இதுதான். வரைபடத்தில் பீதுருதாலகாலை, ஹோர்டன் சமவெளி, அப்புத்தளை ஆகியவற்றை ஒரு கோட்டால் இணையுங்கள். உங்கள் மலை அந்தக் கோட்டுக்குக் கிழக்கே இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே இருந்தால் இந்தப் பருவத்துக்கு அடித்துவிடுங்கள். கோட்டின் மேலேயே இருந்தால் மாற்றுத் தெரிவாக மட்டும் வையுங்கள்.

3. உச்சியில் நிற்க வேண்டிய நேரத்தை முடிவு செய்து, பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

கிழக்குப் பக்கத்திலும் முகில் வராமல் இருப்பதில்லை, பிந்தி வருகிறது. காலையில் பள்ளத்தாக்குகளில் குளிர்காற்று படுத்திருக்கும். வெயில் ஏற ஏற அது சூடாகி, ஈரத்தோடு சரிவில் மேலே ஏறும். 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் உச்சிகளைச் சுற்றி முகில் திரளத் தொடங்கும். மலைநாட்டில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

ஆகவே காலை 6 முதல் 9 வரைதான் உங்கள் நேரம். ஜூனில் சூரியன் 6 மணிக்குச் சற்று முன்பே உதித்துவிடும்.

கிழக்கு உச்சிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, மேற்கே நிற்கும் பெரிய மலைகளின் முகத்தில் விழும். மடிப்பும் பிளவும் தெளிவாகத் தெரியும். பின்னேரம் ஏறினால் அதே மலைகள் வெறும் சாம்பல் நிழலாகத் தெரியும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 7 மணிக்கு உச்சியில் நிற்க வேண்டும், ஏற இரண்டரை மணி நேரம் என்றால், 4.30க்கு நடக்கத் தொடங்க வேண்டும். அடிவாரத்துக்கு வர அரை மணி நேரம். அப்படியானால் முந்தைய இரவு மலைக்கு அருகில் தங்கியே ஆக வேண்டும். இரவோடிரவாகத் திருகோணமலையிலிருந்து வான் ஓட்டி, நித்திரையில்லாமல் நேரே ஏறுகிற திட்டம் காகிதத்தில் மட்டும்தான் சரியாக வரும். சாரதிக்கும் அது ஆபத்து.

4. உச்சி திறந்ததா, மூடியதா என்று விசாரியுங்கள்

உயரமான மலை என்றால் நல்ல காட்சி என்று நினைப்பது புதியவர்களின் பழக்கம். உச்சிவரை காடு மூடியிருந்தால் நீங்கள் பார்ப்பது மரத்தின் அடியை. புல்வெளி உச்சி, பாறை உச்சி, தேயிலை முகடு இவை திறந்தவை.

நாட்டிலேயே உயரமான பீதுருதாலகாலை 2,524 மீற்றர். அங்கே தொலைத்தொடர்புக் கோபுரங்களும் படையினரின் காவலும் இருக்கின்றன. நினைத்தபடி நடந்து ஏறும் மலை அல்ல அது.

இன்னொன்று, மலைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மிக உயர்ந்த மலையில் நிற்கத் தேவையில்லை. அதற்கு எதிரே நிற்கும் சற்றுத் தாழ்ந்த மலையில் நின்றால் போதும். பெரியது முழுதாகக் கண்ணுக்குள் வரும், முகிலும் கீழுச்சியைப் பிந்தித்தான் தொடும்.

படங்களை நம்புவதானால் அவற்றின் திகதியைப் பாருங்கள். ஜனவரி, பெப்ரவரியில் எடுத்த படம் ஜூனைப் பற்றி எதுவும் சொல்லாது.

5. இப்போது மலைகளை எடை போடுங்கள்

மேலே சொன்ன வடிகட்டலுக்குப் பிறகு திருகோணமலைக்காரருக்கு மிஞ்சுபவை சில. என் விருப்பு வெறுப்போடு சொல்கிறேன்.

நாரங்கலை: பதுளைக்கு வடமேற்கே, சுமார் 1,500 மீற்றர். புதியவர்கள் உள்ள குழுவுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். மேற்பகுதி முழுவதும் மானாப் புல், மரம் மிகக் குறைவு. தென்கிழக்கே நமுனுகுலையும் மேற்கே பெரிய மலைகளும் தெரியும். குறை என்னவென்றால் நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, காற்று பலமாக அடிக்கும். கடைசி ஏற்றம் செங்குத்து. காய்ந்த மானாப் புல்லின் தண்டு வழுக்கும், விளிம்பு கையைக் கீறும். முழுக்கைச் சட்டை போடாதவர் உச்சியில் காட்சியைப் பார்க்காமல் கையைத்தான் தடவிக்கொண்டிருப்பார்.

நமுனுகுலை: 2,036 மீற்றர். ஊவாவின் கிழக்கு ஓரத்தில் தனித்து நிற்கும் பெரிய மலை. தேயிலையில் தொடங்கிக் காட்டுக்குள் நுழையும் ஏற்றம். வழி தவற இடம் உண்டு, காட்டுப் பகுதியில் வரண்ட மாதத்திலும் அட்டை இருக்கும். உச்சியைச் சுற்றி மரம் நிற்பதால் எல்லாத் திசையும் ஒரே இடத்திலிருந்து தெரியாது. முன்பு வேறு மலை ஏறியவர்கள், உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் போகவும்.

சின்ன சிவனொளிபாதமலை, எல்ல: 1,141 மீற்றர். எல்ல நகரே 1,000 மீற்றரைத் தாண்டியது என்பதால் ஏற்றம் சிறிது. பசறை வீதியில் நடந்து, தேயிலைக்குள் திரும்பி, கடைசியில் படிகள். ஒரு மணி நேரம் தாராளம். அம்மா, அப்பா, பத்து வயதுப் பிள்ளை எல்லோரும் ஏறலாம். இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லப் பாறையும் பள்ளத்தாக்கும் கண்ணெதிரே விரிவதைப் பார்த்தால் வாய் அடைத்துவிடும்.

எல்லப் பாறை: கூட்டம் அதிகம். வழக்கமான வழியில் புகையிரதத் தண்டவாளத்தில் நடக்க வேண்டியிருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. வளைவில் வண்டி வருவது காற்றிரைச்சலில் கேட்காது. வேண்டுமென்றே வழி தெரியாதவர்களைத் தவறான பாதையில் திருப்பிக் காசு கேட்பவர்களும் உண்டு.

லிப்டன் இருக்கை, அப்புத்தளை: சுமார் 1,970 மீற்றர். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து தோட்ட வீதி வழியாக ஏழு கிலோமீற்றர். வழி தவறாது, முச்சக்கரவண்டியிலும் போகலாம். ஆனால் கோட்டின் மேலேயே இருக்கும் இடம் இது. ஜூனில் காற்று ஆளைத் தள்ளும். விடியலில் போனால் கிடைத்தாலும் கிடைக்கும். 9 மணிக்குப் போகிறவருக்குத் தேநீர் மட்டும் கிடைக்கும்.

ஹோர்டன் சமவெளியின் தொட்டுபொல (2,357 மீற்றர்), கிரிகல்பொத்த (2,388 மீற்றர்): நாட்டின் மூன்றாவது, இரண்டாவது உயரங்கள். இந்தப் பருவத்தில் மாற்றுத் தெரிவாகக்கூட நான் வைப்பதில்லை. பெப்ரவரியில் பார்க்கலாம்.

இலுக்கும்புரப் பக்கம், நக்கிள்ஸ்: திருகோணமலைக்கு மிக அருகில் இருக்கும் மலை இதுதான். தம்புள்ளை, மாத்தளை, ரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் கணவாயைக் கடக்க வேண்டும். கணவாயில் காற்று ஊளையிடும், முகில் வீதியை மூடும். அங்கேயே மனம் உடைந்து திரும்பிவிடாதீர்கள். இன்னும் சில கிலோமீற்றர் கீழே இறங்கினால் பிட்டவல பத்தனையில் வெயில் அடிக்கும். அந்தப் புல்வெளியின் விளிம்பும், அருகிலுள்ள மணிகல முகடும் இந்தப் பருவத்துக்குப் பொருத்தமானவை. மீமுரேக்கு அருகிலுள்ள லக்கேகலை பாறையேற்றம். கயிறு தெரியாதவருக்கு அது வேண்டாம்.

முடிவு எடுக்கும்போது இரண்டு பெயர்களை எழுதி வையுங்கள். ஒன்று முதல் தெரிவு, மற்றது அதே ஊரில் இருந்துகொண்டே மாற்றிக்கொள்ளக்கூடிய எளிய தெரிவு. நாரங்கலைக்கு மாற்று எல்லவின் சின்ன சிவனொளிபாதமலை. இரண்டாவது பெயர் நூறு கிலோமீற்றர் தள்ளி இருந்தால் அது மாற்று ஆகாது.

6. குழுவில் பலவீனமானவரின் காலால் கணக்கிடுங்கள்

நாம் கடல்மட்டத்துக்காரர்கள். மட்டமான வீதியில் எவ்வளவு தூரம் நடந்தாலும் ஏற்றத்துக்கு வேறு தசை வேண்டும்.

புதியவர்கள் உள்ள குழு, பொதியோடு, ஒரு மணி நேரத்தில் 300 மீற்றர் உயரம் ஏறும் என்று வையுங்கள். பழகியவர்கள் 500 ஏறலாம், ஆனால் அவர்களை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மலையின் உயரத்தைப் பார்க்காதீர்கள், அடிவாரத்திலிருந்து உச்சிவரை உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 1,970 மீற்றர் லிப்டன் இருக்கை காலுக்கு எளிது, அதைவிடத் தாழ்ந்த நாரங்கலை கடினம்.

மூன்று நான்கு வாரம் முன்பே பழகத் தொடங்குங்கள். உவர்மலை ஏற்றத்திலும் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும் காலை வேளையில், முதுகில் ஐந்து கிலோ எடையோடு, திரும்பத் திரும்ப ஏறி இறங்கலாம். மலைக்குப் போடும் சப்பாத்தையே இதற்கும் போடுங்கள். பயணத்துக்கு முதல் நாள் கடையில் வாங்கிய சப்பாத்து பாதி மலையில் குதிகாலை உரித்துவிடும்.

7. அனுமதியும் பாதை விசாரணையும்

ஊவா மலைகளின் அடிவாரம் தோட்டக் காணி, அதற்கு மேல் வனம். தோட்டத்துக்குள் நுழையும்போது காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்துக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் டிக்கெட் வேண்டும். ஹோர்டன் சமவெளி வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ். வாசலில் பொதியைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டில் பெரும் மண்சரிவுகளை ஏற்படுத்தியது. அதற்கு முந்தைய பாதைக் குறிப்பை அப்படியே நம்பிப் போகாதீர்கள். ஒரு பாலமோ ஒரு சரிவோ போயிருந்தால் முழு வழியும் மாறியிருக்கும். கைப்பேசி வரைபடத்தில் கோடு இன்னும் பழைய இடத்திலேயே இருக்கலாம்.

இங்கேதான் நமக்கு ஒரு பெரிய வசதி. தோட்டங்களில் தமிழில் கேட்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. “அண்ணா, உச்சி எவ்வளவு தூரம்?” என்று கேட்டால் “கிட்டத்தான் தம்பி” என்று வரும். தினமும் கொழுந்துக் கூடையோடு அந்தச் சரிவில் ஏறி இறங்குபவருக்கு எல்லாமே கிட்டத்தான். இப்படிக் கேளுங்கள்: “அக்கா, கடைசியாக யார் மேலே போனார்கள்? புல் வெட்டிய பாதையா? தண்ணீர் கடைசியாக எங்கே கிடைக்கும்? குளவிக் கூடு எங்கே இருக்கிறது?” நாலு கேள்விக்கும் நாலு பயனுள்ள பதில் வரும். கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். தேயிலைத் தோட்டங்களில் குளவிக் கொட்டு உயிரையே எடுத்திருக்கிறது. கூட்டின் இடம் அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளூர் இளைஞர் ஒருவரைக் கூலி பேசி அழைத்துச் செல்வது நல்லது. முன்கூட்டியே பேசிவிடுங்கள், உச்சியில் வைத்துப் பேரம் பேசாதீர்கள்.

8. கடைசி மூன்று நாள்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் ஊவா மாகாணத்துக்கு என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். “மத்திய, சப்ரகமுவ, மேல் மாகாணங்களில் மழை” என்றால் நமக்குக் கவலையில்லை. “ஊவா, கிழக்கு மாகாணங்களில் பிற்பகலில் இடியுடன் மழை” என்றால் காலையில் ஏறி நண்பகலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். ஊவாவில் நாள் முழுவதும் மழை என்றால் இரண்டாவது வார இறுதியை எடுங்கள்.

விண்டி போன்ற செயலியில் தாழ் முகில், காற்று என்ற இரண்டையும் மட்டும் பாருங்கள். காற்று மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டினால் திறந்த முகடு வேண்டாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வெளியிடுகிறது. நீங்கள் போகும் பிரிவில் எந்த நிறம் இருந்தாலும் அன்று மலை இல்லை. மஞ்சள்தானே என்று வாதாடுபவர் குழுவில் ஒருவர் இருப்பார். அவரை வீட்டில் விடுங்கள்.

9. பொதி

ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். கச்சான் காலத்து வரட்டுக் காற்றில் வியர்ப்பதே தெரியாது, தலையிடி வந்த பிறகுதான் தாகம் தெரியும். தலையில் கட்டும் டோர்ச், இரண்டு கைகளையும் விடுவதற்காக. காற்றை மறிக்கும் மெல்லிய மேற்சட்டை. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஆறு, ஏழு பாகை குறையும், அதற்கு மேல் காற்று. இங்கே 26 பாகையில் புழுங்கும் விடியல், நாரங்கலை முகட்டில் பல்லைக் கிட்ட வைக்கும்.

அட்டைக்குக் காலுறையின் மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வது மலையகத்தார் முறை, வேலை செய்கிறது. புல்வெளியில் உண்ணி இருக்கும், இறங்கியதும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு ரொட்டி, வாழைப்பழம், பேரீச்சம்பழம், வறுத்த கச்சான் (நிலக்கடலை). தேங்காய்ச் சம்பல் வேண்டாம், வெயில் ஏறுமுன்பே புளித்துவிடும். றப்பர் செருப்பில் ஏற வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வார் அறுவது எப்போதும் இறக்கத்தில்தான்.

10. திருகோணமலையிலிருந்து போகும் வழி

ஊவாவுக்கு இரண்டு வழி. ஒன்று ஹபரணை, தம்புள்ளை, கண்டி வழியாக. பஸ் மாறுவது எளிது. மற்றது கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புப் பக்கம் இறங்கி, செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை, பசறை வழியாகப் பதுளை. சொந்த வாகனம் உள்ளவர்களுக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். பசறையை நெருங்கும்போது நமுனுகுலை முன்னால் எழுந்து நிற்கும். அதன் உச்சி தெளிவாக இருக்கிறதா என்று வழியிலேயே பார்த்துவிடலாம்.

எந்த வழியானாலும் முழு நாள் போகும். விடிந்த பிறகு புறப்பட்டு, இருட்டுமுன் சேருங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலும், மகாஓயாப் பக்கத்திலும் இரவில் யானை வீதிக்கு வரும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இதை இரண்டு தடவை வாசிக்கவும்.

மலைநாட்டுப் புகையிரதத்தில் போக ஆசைப்பட்டால், அது எந்த நிலையம்வரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்ட பிறகே திட்டத்தில் சேருங்கள்.

11. ஏறும் காலை

புறப்படுமுன் தங்குமிடத்தாரிடம் எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கொடுங்கள். அம்புலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிசுக்கு 119. முகட்டில் சமிக்ஞை கிடைக்கும், பள்ளத்தில் கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் அரை மணி நேரம் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகும் வேகத்தில் நடங்கள். பலவீனமானவர் முன்னால், பலசாலி பின்னால். மாறிப் போனால் முன்னால் ஓடியவர் உட்கார்ந்து ஓய்வெடுப்பார், பின்னால் வந்தவர் வந்து சேர்ந்ததும் அவர் எழுந்து மறுபடி ஓடுவார். களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது.

திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடுங்கள். 9 மணி என்றால் 9 மணி, உச்சி கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டும். மேலே வைத்து முடிவு செய்தால் ஆசைதான் முடிவு செய்யும்.

முகில் சூழ்ந்துவிட்டால் நடக்காதீர்கள். உட்கார்ந்து இருபது நிமிடம் பொறுங்கள். கிழக்குச் சரிவில் காலை முகில் பல தடவை வந்து வந்து விலகும். விலகவில்லையென்றால் ஏறிய வழியிலேயே இறங்குங்கள், புது வழி தேட வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. முகட்டை விட்டு உடனே இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

தீ மூட்டவே கூடாது. ஜூன், ஜூலையில் ஊவாப் பத்தனைகள் தாளாகக் காய்ந்திருக்கும். ஒரு சிகரெட் துண்டு ஒரு மலைச்சரிவை எரிக்கும், அந்தக் காற்றில் நீங்கள் ஓடும் வேகத்தைவிடத் தீ வேகமாக ஏறும்.

12. இறக்கம்

விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். தொடை களைத்திருக்கும், மனம் தேநீர்க் கடைக்குப் போய்விட்டிருக்கும். சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் விரல்நகம் முன்னால் இடித்துக் கறுத்துவிடும். காய்ந்த மானாப் புல் மேல் கால் வைக்காமல், வெறும் மண் தெரியும் இடத்தில் வையுங்கள். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பி, ஒருவர் இறங்கிய பிறகு அடுத்தவர் இறங்குங்கள். மேலிருந்து உருளும் கல் கீழே நிற்பவரின் தலைக்கு வரும்.

ஏற எடுத்த நேரத்தில் முக்கால் பங்கு இறங்கவும் எடுக்கும் என்று வையுங்கள். அடிவாரத்தில் ஆட்களை எண்ணுங்கள். காவலாளியிடமும் தங்குமிடத்தாரிடமும் இறங்கிவிட்டோம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் இருட்டிய பிறகு டோர்ச்சோடு யாரோ உங்களைத் தேடி ஏறுவார்கள். அன்றே திருகோணமலைக்கு ஓட்ட வேண்டாம். பதுளையில் குளித்து, நன்றாகச் சாப்பிட்டு, ஒரு இரவு படுத்துவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.